பாரிஸ் சுவர்களும் ஒரு ஜப்பானிய ஓவியரும்: யூசோ சயெக்கி, 1923–1928 (நிகழ்வு ஆய்வு)

எதற்காக இந்த ஆய்வு

1928 ஆகஸ்ட் 16 அன்று, பாரிஸுக்கு வெளியே இருந்த வில்-எவ்ரார் மனநல மருத்துவமனையில் யூசோ சயெக்கி என்ற ஜப்பானிய ஓவியர் இறந்தார். வயது 30. அவர் பாரிஸில் வாழ்ந்த காலத்தை எல்லாம் கூட்டினாலும் மூன்று ஆண்டுதான் தேறும். அந்த மூன்று ஆண்டில் வரைந்தவற்றில் பெரும்பகுதி கடை முகப்பு, கதவு, சுவர், சுவரொட்டி. ஊர் பார்க்க வருபவர்கள் தேடிப்போகும் கட்டடங்கள் அவர் படங்களில் எப்போதாவதுதான் தலைகாட்டும்.

ஜப்பானில் சயெக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கதை தயாராக வந்துவிடும்: பாரிஸ் தெருக்கள் மேல் பித்துப் பிடித்து, அதற்கே உயிரைக் கொடுத்த இளம் மேதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் எல்லாமே விதிப்படி நடக்கிறது. யாரும் எந்த இடத்திலும் எதையும் முடிவு செய்வதில்லை. நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் முடிவுகள் இருந்தது தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்ததும் தெரிகிறது. நல்ல படங்களைத் தந்த முடிவுகளே உடம்பைக் கெடுத்தன என்பதுதான் இதில் சிக்கல். ஓவியம் படிப்பவர்களும், அவர்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு இது.

இப்படிப்பட்ட ஆய்வில் பெயர்களைத் தவிர்ப்பது வழக்கம். சயெக்கியும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் கலை வரலாற்றில் பதிவானவர்கள், அவர்கள் பெயரை மறைத்துப் பயனில்லை. குடும்பத்தாரை மட்டும் மனைவி, மகள், அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

சயெக்கி 1898-ல் ஒசாகாவில், நகட்சு பகுதியில் இருந்த ஒரு புத்தக் கோயிலில் பிறந்தவர். அப்பா அந்தக் கோயிலின் குரு. இவர் இரண்டாவது மகன். கோயில் பொறுப்பு அண்ணனுக்குப் போகும் என்பதால் ஓவியம் படிக்கப் பெரிய தடை இருக்கவில்லை. பள்ளி நாள்களிலேயே எண்ணெய் வண்ணம் கற்றுக்கொண்டு, 1917-ல் டோக்கியோ போய், அடுத்த ஆண்டு டோக்கியோ நுண்கலைப் பள்ளியின் மேலைநாட்டு ஓவியப் பிரிவில் சேர்ந்தார்.

அந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. 1896-ல் அதைத் தொடங்கி நடத்தியவர் குரோதா செய்கி; பிரான்சில் படித்துத் திரும்பியவர். அவர் கொண்டுவந்தது வெளிச்சமும் காற்றோட்டமுமான, மென்மையான ஒரு பாணி. அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அதுவே பாடத்திட்டம் ஆகிவிட்டது. பாரிஸ் என்பது எப்போதாவது போய்ச் சேரவேண்டிய இடம், அதுவரை இங்கே கையைப் பழக்க வேண்டும் என்பதுதான் வகுப்பின் பொதுவான நினைப்பு. தேறி வெளியேறும்போது ஒவ்வொரு மாணவரும் தன் உருவப்படம் ஒன்றைப் பள்ளிக்கு வரைந்து கொடுக்க வேண்டும். 1923-ல் சயெக்கியும் கொடுத்தார். இந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டே இது வேறு விதமாக வரும்.

படிக்கும்போதே திருமணம் ஆயிற்று. மனைவியும் ஓவியம் பயின்றவர். ஷிமோ-ஒச்சியாய் என்ற டோக்கியோ புறநகரில் ஓவியக்கூடத்தோடு சிறு வீடு கட்டிக்கொண்டார்கள். 1922-ல் மகள் பிறந்தாள். காசநோய் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவருடைய தம்பி அதில்தான் இறந்தார். சயெக்கியின் நுரையீரலும் திடமாக இருக்கவில்லை. பயணம் கிளம்பும்போதே இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்து கிடந்தது. அது நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், நவம்பர் இறுதியில், மனைவியோடும் கைக்குழந்தையாக இருந்த மகளோடும் கோபேயில் கப்பல் ஏறினார். 1924 ஜனவரி தொடக்கத்தில் பாரிஸ்.

ஓவேரில் நடந்தது

முதலில் தங்கியது நகருக்குத் தெற்கே உள்ள கிளமார் என்ற அமைதியான இடத்தில். ஆறு மாதம் பள்ளியில் கற்ற விதத்திலேயே வரைந்தார். செஸான், ரெனுவார் என்ற பிரெஞ்சு ஓவியர்களின் சாயல் கொஞ்சம் கொஞ்சம். 1924 கோடையில் சதோமி கட்சுஸோ என்ற மூத்த மாணவர், ஓவேர்-சுர்-உவாஸில் இருந்த மோரிஸ் விளாமின்க்கிடம் அவரை அழைத்துப் போனார். விளாமின்க் அப்போது பேர்பெற்ற ஓவியர். முறையான கலைப்பள்ளிப் படிப்பு இல்லாதவர், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவரும்கூட.

சயெக்கி கையோடு எடுத்துப்போனது பெண் உடல் படம் ஒன்று. பாடத்திட்டத்தின்படி பார்த்தால் நன்றாக அமைந்த படம். அதைப் பார்த்ததும் விளாமின்க் கடும் கோபத்தோடு ‘அகாடமிக்!’ (வெறும் பள்ளிப்பாடம்) என்று கத்தினார் என்பதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் திட்டினார் என்பதும் உடனிருந்தவர்கள் வழியாக வந்த செய்தி. ஊர் விட்டு ஊர் வந்து, ஏழு ஆண்டு படித்த படிப்பு முழுவதையும் ஒரே சொல்லில் ஒருவர் தள்ளிவிடுகிறார்.

அந்த ஆண்டு வரைந்த ‘நிற்கும் தன்னுருவம்’ இப்போது ஒசாகாவின் நகனோஷிமா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் வண்ணத்தட்டும் தூரிகையுமாக ஓவியர் நிற்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணோ வாயோ இல்லை. பூசிய வண்ணத்தைச் சுரண்டி எடுத்த தடம்தான் இருக்கிறது. படத்தை முடிக்காமல் விட்டதாக நினைக்க வழியில்லை, உடம்பும் பின்னணியும் முடிந்திருக்கின்றன. பள்ளிக்கு வரைந்து கொடுத்த முகத்துக்கும் இதற்கும் இடையே ஓர் ஆண்டுதான்.

கற்பிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து. திட்டு பலித்தது, அதை மறுப்பதற்கில்லை. அதற்குப் பிறகுதான் சயெக்கி சயெக்கி ஆனார். ஆனால் விளாமின்க் எதைச் செய்யக்கூடாது என்று மட்டும்தான் சொன்னார். எவ்வளவு செய்தால் போதும் என்பதற்கு அந்தத் திட்டில் அளவுகோல் கிடையாது. அன்றிலிருந்து, கைப்பழக்கத்தில் வந்துவிடும் எதையும் சயெக்கி நம்பவில்லை. யோசிக்க நேரம் கிடைத்தால் பள்ளிப்பாடம் வந்து புகுந்துகொள்ளும், அதனால் யோசிக்க நேரம் கொடுக்காமல் வரைய வேண்டும். பின்னாளில் அவர் கூட்டிக்கொண்டே போன வேகத்துக்கு விதை இங்கே விழுந்ததாகவே எனக்குப் படுகிறது.

கவனித்தது என்ன

1924 டிசம்பரில் கிளமாரை விட்டு, பாரிஸின் 14-ஆம் வட்டாரத்தில் ஷாத்தோ தெருவுக்குக் குடிவந்தார்கள். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி. பாரிஸ் என்றதும் நினைவுக்கு வரும் அகலச் சாலைகளும் ஒரே உயர மாளிகைகளும் இங்கே இல்லை. கூலி வேலைக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் இருந்த தெருக்கள். வெயிலும் மழையும் தின்று காரை பெயர்ந்த சுவர்கள், செருப்புத் தைக்கும் கடை, நிலக்கரிக் கடை, மலிவு விடுதி.

அந்தச் சமயத்தில் உத்ரில்லோவின் படங்களைப் பார்த்தது பெரிய திருப்பம். மோன்மார்த்ர் பகுதியின் வெள்ளைச் சுவர்களை வரைந்து பேர் வாங்கியவர் அவர். ஆனால் உத்ரில்லோ தெருவின் ஆழத்தைக் காட்டுவார். இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் சாலை உள்ளே போகும். சயெக்கியும் முதலில் அப்படித்தான் வரைந்தார். அப்புறம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார். சாலையை விட்டுவிட்டுச் சுவருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

1925-ல் வரைந்த ‘கோர்தொன்னெரி’, அதாவது செருப்புத் தைக்கும் கடை, இதற்கு நல்ல சான்று. படம் முழுக்கச் சுவர். வானம் இல்லை, தொலைவு இல்லை. வெளிறிய சாம்பலும் வெள்ளையும் கலந்த காரையை அவர் வண்ணத்தால் தீட்டவில்லை, கொத்தனார் பூசுகிற மாதிரி பூசியிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக, சில இடத்தில் கட்டியாக, சில இடத்தில் வழித்தெடுத்து. நடுவில் இருட்டான வாசல். மேலே கடைப் பெயர். பாரிஸின் ஒரு மூலையை வரைந்த படமா, ஒரு சுவரைப் படத்துணி மேல் மறுபடி எழுப்பும் வேலையா என்று கேட்கத் தோன்றும். இதே கடையை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்தார். ஒன்று டோக்கியோவின் ஆர்ட்டிசோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று இபராகியில்.

அதே ஆண்டு சலோன் தோதோன் என்ற இலையுதிர்காலக் கண்காட்சியில் ‘கோர்தொன்னெரி’ தேர்வானது. மனைவியின் படமும் தேர்வானது என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் பதிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சயெக்கிக்கு ஐரோப்பா மேல் மோகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். படங்கள் அவ்வளவு பரந்த எதையும் காட்டவில்லை. மிகக் குறுகிய ஒரு பொருள் மேல்தான் அந்தப் பிடிப்பு: நாலு எட்டு தள்ளி நின்று பார்க்கும் பழைய சுவர். இத்தாலி வழியாக ஊர் திரும்பியபோது பார்த்த பேரழகுக் கட்டடங்கள் அவர் கையை அசைத்ததாகத் தெரியவில்லை.

முதல் முடிவு: ஊர் திரும்புதல்

1925-ல் அண்ணன் ஐரோப்பா வந்தார். அம்மாவுக்கு மகன் உடம்பைப் பற்றிய கவலை. தம்பியின் நிலையை நேரில் பார்த்த அண்ணன், திரும்பி வரும்படி வற்புறுத்தினார். கண்காட்சியில் இடம் கிடைத்து, கை அப்போதுதான் சூடு பிடித்திருந்த நேரம்; சயெக்கிக்கு மனமில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டார். 1926 ஜனவரியில் பாரிஸை விட்டு, இத்தாலியில் கப்பல் ஏறி, மார்ச்சில் ஜப்பான் வந்தார்கள்.

உடம்பை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு இது. பலவீனமான நுரையீரலோடு குளிர்காலத் தெருவில் நின்று வரைவதை நிறுத்த வேறு வழி இருக்கவில்லை. குறை என்னவென்றால், திரும்பி வந்து என்ன செய்வது என்று யாரும் திட்டமிடவில்லை. ஊருக்கு வந்ததே சிகிச்சை என்று நினைத்துவிட்டார்கள்.

ஷிமோ-ஒச்சியாயில் ஒன்றரை ஆண்டு

வெளியே இருந்து பார்த்தால் வெற்றிக் காலம். மே மாதம், பாரிஸிலிருந்து திரும்பிய நான்கு நண்பர்களோடு சேர்ந்து ‘1930 சங்கம்’ என்ற குழுவைத் தொடங்கினார். செப்டம்பரில் நிகா என்ற கலைஞர் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய 19 படங்களைத் தனியாக வைத்தார்கள்; நிகா பரிசும் கிடைத்தது. 28 வயதில், டோக்கியோவில், அதற்கு மேல் வேறு என்ன வேண்டும்.

படங்களைப் பார்த்தால் ஆள் தவிப்பது தெரிகிறது. தன் வீட்டைச் சுற்றியே நடந்து ‘ஷிமோ-ஒச்சியாய் காட்சிகள்’ என்ற வரிசையை வரைந்தார். அந்தப் பகுதி அப்போதுதான் மனையாகப் பிரிந்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தது. மண் சாலை, தாழ்ந்த மரவீடுகள், வேலி. வண்ணத்தைக் கட்டியாகப் பூச ஏற்ற கல்சுவர் ஒன்றுகூட இல்லை. பாரிஸில் படத்தின் நாலு மூலையையும் சுவர் அடைத்துக்கொண்டது. இங்கே பாதிக்கு மேல் வானம்.

அப்போது அவர் கண்ணில் பட்டது மின்கம்பங்கள். வானத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு நிற்கும் கறுப்புக் கோடுகள், அவற்றுக்கு நடுவே தொங்கும் கம்பிகள். ஒசாகா போனபோது துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வரைந்தார்; அவற்றிலும் அவரை இழுத்தது பாய்மரமும் கயிறும்தான். சுவர் கிடைக்காத இடத்தில் கோடு கிடைத்தது. ஜப்பானியக் காட்சி தன் கைக்கு ஒத்துவரவில்லை என்பது அவருடைய முறையீடு. விமர்சகர்கள் பலரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த ஒன்றரை ஆண்டை வீண் காலமாகக் கணக்கில் வைத்தார்கள். அடுத்து பாரிஸில் என்ன வரைந்தார் என்று பார்த்தால் அந்தக் கணக்கு தப்பு என்பது புரியும்.

ஓய்வு எடுத்தாரா? வரைந்த படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இரண்டாம் முடிவு: மறுபடியும் பாரிஸ்

1927 கோடையில் கிளம்பிவிட்டார். இந்த முறை சைபீரிய ரயில் வழி, ஆகஸ்டில் பாரிஸ். மனைவியும் ஐந்து வயது மகளும் உடன் போனார்கள். கடல் வழியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகிற பயணம், ரயிலில் மூன்று வாரத்துக்குள் முடிந்தது.

முடிவுக்கான காரணம் வெளிப்படை: வேலை அங்கேதான் நடக்கிறது. எந்த நோய்க்காக ஊர் திரும்பினாரோ அந்த நோய் இருந்தபடியே இருந்தது. அதை எடுத்துச் சொல்லித் தடுக்கக்கூடிய ஆள் இந்த முறை யாரும் இல்லை, அல்லது சொல் எடுபடவில்லை.

1927 இலையுதிர் காலம்

மோன்பர்னாஸ் பெருவீதியில் ஓவியக்கூடம் கிடைத்தது. அங்கிருந்து ஆண்டு முடிவதற்குள் நூறுக்கு மேற்பட்ட படங்கள். இவ்வளவு விரைவுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. படத்துணியைத் தானே தயார் செய்துகொண்டார். அவர் பூசிய அடிப்பூச்சு எண்ணெயைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். மேலே போட்ட கோடு வழுக்காமல், உடனே பிடித்துக்கொள்ளும். காயக் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் நின்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த துணியை எடுக்கலாம்.

வரைந்த பொருளும் மாறிவிட்டது. சுவர் அதேதான், ஆனால் இப்போது அவர் பார்த்தது சுவர் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை. 1881 ஜூலை 29-ல் வந்த அச்சுச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டி ஒட்டும் உரிமையையும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்திருந்தது. அதற்குப் பின் வந்த ஐம்பது ஆண்டில் பாரிஸ் சுவர்கள் படிப்படியாகக் காகிதம் போர்த்திக்கொண்டன. நாடகம், மது, மருந்து, வீட்டு வாடகை. ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, பாதி கிழிந்து தொங்கும் விளம்பரங்கள்.

டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘எரிவாயு விளக்கும் விளம்பரங்களும்’ (1927) படத்தில் பின்னால் உள்ள சுவர் முழுக்க இந்தக் காகிதங்கள்தான். அவற்றில் உள்ள எழுத்துகள் ஒரு நிமிடம் வாசிக்கக்கூடியவையாகத் தோன்றி, அடுத்த நிமிடம் வெறும் கிறுக்கலாகிவிடுகின்றன. மெல்லிய தூரிகை துள்ளித் துள்ளிப் போன தடம். முன்னால் விளக்குக் கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. ‘உணவகம் (ஓத்தெல் து மார்ஷே)’ என்ற படத்தில் ஆள் இல்லாத மேசை நாற்காலிகள். அவற்றின் ஒல்லிக் கால்களும், பின்சுவரில் உள்ள எழுத்துகளும் ஒரே கையசைவில் பிறந்தவை. எது நாற்காலி, எது எழுத்து என்று பிரிப்பது ஓவியருக்கு முக்கியமாகவே இல்லை.

இந்தக் கோடு 1925-ல் அவரிடம் கிடையாது. அப்போது இருந்தது காரைப் பூச்சு. ஒல்லியான, நடுங்கும், கறுப்பான இந்தக் கோடு ஷிமோ-ஒச்சியாயின் மின்கம்பங்களிலும் ஒசாகாவின் கப்பல் கயிறுகளிலும் பழகியது. பாரிஸுக்காகவே பிறந்தவர் என்று கொண்டாடப்படும் மனிதரின் பேர்பெற்ற பாணி, பாதிக்குப் பாதி டோக்கியோ புறநகரில் உருவானது.

மொரான், 1928 பிப்ரவரி

எழுத்துக் கோடுகள் எளிதில் வர ஆரம்பித்ததும் சயெக்கிக்குச் சந்தேகம் வந்ததுபோல் தெரிகிறது. கைக்குச் சுலபமானது எதுவும் அவருக்கு ஆகாது. மறுபடியும் கனமான வடிவத்தைத் தேடி, பாரிஸுக்குக் கிழக்கே 40 கிலோமீட்டர் அளவில் உள்ள வில்லியே-சுர்-மொரான் என்ற கிராமத்துக்குப் போனார். மனைவி, மகளோடு நான்கு இளம் ஜப்பானிய ஓவியர்களும் உடன் போனார்கள். அவர்களில் ஒகிசு தகனோரியும் யமகுச்சி தகெயோவும் முந்தைய இலையுதிர் காலத்தில்தான் படிப்பு முடித்து பிரான்ஸ் வந்தவர்கள்.

பிப்ரவரிக் குளிர். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், எல்லாம் வெளியே நின்று. சயெக்கி வயதில் மூத்தவர், வழிகாட்டி. அவர் தூரிகையைக் கீழே வைக்காதபோது மற்றவர்கள் எப்படி வைப்பார்கள்? ஊர்ச் சிறு தேவாலயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் படங்களில் கோடு இப்போது கயிற்றுப் பருமன். ஒல்லிக் கோட்டை விட்டுவிட்டுக் கறுப்புப் பட்டைகளால் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தினார்.

படத்தை மட்டும் வைத்துச் சொன்னால் இது முன்னேற்றம். உடம்பையும் சேர்த்துச் சொன்னால், தடுத்திருக்க வேண்டிய ஒரே மாதம் இதுதான். அவருக்கு நோய் என்பது கூட இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே இருந்தவர்களில் மனைவியைத் தவிர மற்றவர்கள் சீடர்கள்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

மார்ச்சில் பாரிஸ் திரும்பினார்கள். மழை நாள் ஒன்றில் வெளியே நின்று வரைந்ததைத் தொடர்ந்து சளியும் காய்ச்சலும் பிடித்தது. அந்த மாத இறுதிக்குள் படுக்கையில் விழுந்தார். தெருவில் நின்று கடைசியாக வரைந்தவற்றில் ‘மஞ்சள் உணவகம்’, ‘கதவு’ இரண்டும் அடங்கும். இரண்டிலும் மூடிய கதவு படத்தை நிறைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறது. இதை மரணத்தின் வாசல் என்று எழுதாதவர்கள் குறைவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1925-லேயே வாசலுக்கு எதிரே நின்று வரைந்தவர் அவர். அந்தப் பழக்கம் கடைசிவரை தொடர்ந்தது, அவ்வளவுதான்.

வெளியே போக முடியாத நிலையில் தெரு அவரைத் தேடி வந்தது என்று சொல்லலாம். கடிதம் கொண்டுவந்த வெள்ளைத் தாடித் தபால்காரரை உட்கார வைத்து வரைந்தார். ‘தபால்காரர்’ இன்று அவருடைய படங்களில் மக்கள் நன்கு அறிந்த ஒன்று. சீருடையும் தொப்பியுமாக அந்த மனிதர் கோணலாக உட்கார்ந்திருக்கிறார். உடம்பு முழுக்க நேர்க்கோடுகள். மனிதரையும் ஒரு கட்டடம்போலவே கட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த ரஷ்யப் பெண் ஒருத்தியையும் அதே நாள்களில் வரைந்தார்.

பிறகு நோய் முற்றியது, மனநிலையும் குலைந்தது. ஜூன் 20 அன்று வீட்டை விட்டு வெளியேறிக் காணாமல் போனார், தேடிக் கண்டுபிடித்தார்கள். 23 அன்று வில்-எவ்ராரில் சேர்த்தார்கள். சாப்பிட மறுத்தார். ஆகஸ்ட் 16 அன்று இறந்தார்.

அதே வீட்டில், அதே காற்றில் இருந்த மகள் அவருக்கு இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று காசநோயால் இறந்தாள். ஆறு வயது. மனைவி இருவர் அஸ்தியோடும் படங்களோடும் ஊர் திரும்பினார்.

தொடர்ந்து நடந்தவை

படங்களைக் காப்பாற்றியதில் ஒசாகா தொழிலதிபர் யமமோதோ ஹட்சுஜிரோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏறத்தாழ 150 சயெக்கி படங்களைத் தேடித் தேடி வாங்கினார். 1945-ல் விமானத் தாக்குதலில் அவற்றில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. முன்னதாக வேறிடத்துக்கு அனுப்பியவை மட்டும் தப்பின. எஞ்சியவற்றை 1983-ல் அவர் குடும்பத்தார் ஒசாகா நகருக்குக் கொடுத்தார்கள். ஒரு நவீனக் கலை அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. அது கட்டி முடிந்து நகனோஷிமாவில் திறக்க 2022 பிப்ரவரி ஆயிற்று. ஷிமோ-ஒச்சியாய் ஓவியக்கூடம் 2010 முதல் நினைவகமாக இருக்கிறது.

மொரானுக்குக் கூடப் போன இளைஞர்களின் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த ஆய்வு முழுமை பெறும். ஒருவர் 1931-ல் பிரான்ஸிலேயே இறந்தார், அவருக்கும் காசநோய். யமகுச்சி பாரிஸை விட்டு வந்து அரூப ஓவியத்துக்குப் போனார்; கறுப்புப் பரப்பில் காவி வண்ணத்தைக் கனமாக அடுக்கும் அவருடைய பிற்காலப் படங்களைப் பார்த்தால், தெருவை நீக்கிவிட்டுச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டவர் என்று தோன்றும். ஒகிசு பாரிஸிலேயே தங்கினார். போர்க்காலத்தில் 1940-ல் ஊர் திரும்பியவர், 1948-ல் மறுபடி போய், 1986-ல் பாரிஸில் இறக்கும்வரை அதே கடைமுகப்புகளையும் சுவர்களையும் வரைந்துகொண்டிருந்தார். அவர் பிறந்த இனசாவாவில் 1983-ல் அவருக்கு அருங்காட்சியகமும் எழுந்தது. சயெக்கிக்கு இருந்த அதே பிடிப்பு, ஏறக்குறைய 60 ஆண்டு. படங்களில் சயெக்கியின் பதற்றம் இல்லை. நிதானமானவை, தெருவோடு பழகிப்போன ஒருவர் பார்த்தவை. சயெக்கியை உயர்த்துவதற்காக ஒகிசுவை மட்டம் தட்டிப் பேசுவது உண்டு. பாரிஸ் தெரு ஆளைத் தின்றுதான் படம் கொடுக்கும் என்ற பேச்சுக்கு ஒகிசுவே பதில்.

எங்கே மாற்றியிருக்கலாம்

நோயைக் குணப்படுத்தியிருக்க முடியாது. காசநோயை அடக்கும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஓய்வு, உணவு, குளிரிலிருந்து விலகல் என்ற மூன்றும் அன்றைய மருத்துவர்கள் எல்லோரும் சொன்ன வழி. மொரான் பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தால் எத்தனை மாதம் கூடக் கிடைத்திருக்கும் என்று கணிக்க முடியாது. பிப்ரவரியில் வெளியே நிற்க வேண்டிய கலைக் கட்டாயம் எதுவும் படங்களில் தெரியவில்லை. தேவாலயம் எங்கேயும் ஓடிவிடாது.

மகள் விஷயம் இன்னும் தெளிவு. நோயாளிப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து, கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்கும் ஏற்பாட்டை கிரான்ஷே என்ற மருத்துவர் 1903-லேயே பிரான்ஸில் தொடங்கியிருந்தார். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு அந்த வழி எவ்வளவு திறந்திருந்தது என்பது வேறு கேள்வி. 1927-ல் குழந்தையை ஒசாகாவில் தாத்தா வீட்டாரிடம், பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பதற்கு அயல்நாட்டு ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மேதையின் தியாகம் என்ற கதையில் இந்தச் சாவு ஒரு சோக அலங்காரமாக வந்துபோகிறது. நிகழ்வு ஆய்வில் அதற்குரிய இடம் தடுத்திருக்கக்கூடியவை என்ற பட்டியலில்.

1926-ல் குடும்பம் எடுத்த முடிவில் மாற்ற வேண்டியது திரும்ப அழைத்ததை அல்ல. அழைத்துவந்த பிறகு, இரண்டு ஆண்டு இங்கே என்ன வேலை, எங்கே சிகிச்சை, எப்போது திரும்பிப் போகலாம் என்று பேசி வைத்திருந்தால், போகவே விடமாட்டார்கள் என்ற பதற்றத்தில் ஓடிப்போனதுபோல் அந்த ரயில் பயணம் அமைந்திருக்காது.

கண்காட்சி அமைப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பாரிஸ் படங்களை இரு பக்கமும் பிரம்மாண்டமாக வைத்துவிட்டு, இடையில் ஜப்பான் படங்களை நாலைந்து என்று தொட்டுக்காட்டிவிட்டுப் போவது நெடுநாள் பழக்கம். 2023-ல் டோக்கியோ ஸ்டேஷன் கேலரியிலும் நகனோஷிமாவிலும் நடந்த பெரிய கண்காட்சி ஷிமோ-ஒச்சியாய் வரிசையையும் கப்பல் படங்களையும் சேர்த்தே காட்டியது. இனி வருகிறவர்களும் மின்கம்பப் படம் ஒன்றையும் ‘எரிவாயு விளக்கும் விளம்பரங்களும்’ படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டலாம். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தனியாக எழுதி ஒட்ட வேண்டிய வேலையே இருக்காது.